வாஷிங்டனில் ஓர் அபிசீனியா

அபிசீனியா என்ற பெயரை இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதிகமாகக் கேட்டிருக்க நியாயமில்லை. வீட்டுப் பரணில் 1935, 1936-ம் வருஷத்துப் பத்திரிகைக் கட்டுகள் கறையானுக்குத் தப்பிக் கிடந்தால் எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும். முஸோலினியின் ஆகாய விமானங்கள் அந்த ஏழை நாட்டின் மீது விஷப் புகையைப் பொழிந்ததும், சக்கரவர்த்தி ஹைலே ஸெலாஸி ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் முன்னால் நின்று நியாயம் கேட்டதும், சங்கத்தின் கனவான்கள் அனுதாபத்துடன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் அவற்றில் விஸ்தாரமாக வந்திருக்கும். தானே அடிமைப்பட்டிருந்த நம் தேசம் அன்று கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1936-ல் காங்கிரஸ் மகாசபை 'அபிசீனியா தினம்' என்று ஒரு நாளைக் குறித்துக் கூட்டங்கள் போட்டது. நம்மால் அனுப்ப முடிந்தது அனுதாபம் ஒன்றுதான். ஆனால் சர்வதேச சங்கத்தின் அனுதாபத்தைக் காட்டிலும் அது கொஞ்சம் அசல் சரக்கு என்று சொல்லலாம்.

அந்த அபிசீனியாவுக்கு இன்று வழங்கும் பெயர் எத்தியோப்பியா. நாம் இந்த வாரம் சொல்ல வந்தது, ஆப்பிரிக்காவில் இருக்கும் எத்தியோப்பியாவைப் பற்றியல்ல. அங்கிருந்து புறப்பட்டு, கடல் கடந்து, அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் குடியேறியிருக்கும் இன்னோர் எத்தியோப்பியாவைப் பற்றி. அதற்கு ராஜாவும் இல்லை, சேனையும் இல்லை. சித்திரக்காரர்கள், சங்கீத வித்வான்கள், சினிமாக்காரர் ஒருவர், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஹோட்டல் வைத்திருப்பவர்கள் ஆகியோரே அதன் பிரஜைகள். இவர்கள் அங்கே வருவதற்கு ஐம்பது வருஷம் முன்னதாகவே எத்தியோப்பியா அமெரிக்காவுக்கு வந்துவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறோம்.

ஐரோப்பிய ராஜ்யங்கள் ஆப்பிரிக்கா கண்டத்தைக் கல்யாண வீட்டுப் பட்சணம் மாதிரி பங்கு போட்டுக் கொண்டிருந்த காலத்தில், எத்தியோப்பியா பங்குக்கு உட்படவில்லை. 1896-ம் வருஷம் மார்ச் மாதம் அட்வா என்னுமிடத்தில் மெனெலிக் சக்கரவர்த்தியின் படை இத்தாலியப் படையை முறியடித்தது. அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து அப்போது முப்பது வருஷந்தான் ஆகியிருந்தது. சட்டம் ஒழித்தாலும் வழக்கம் ஒழியவில்லை. பள்ளிக்கூடத்திலும், ரயில் வண்டியிலும், கோயிலிலும்கூட ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கறுப்பு மக்களுக்கு, 'நம் நிறத்து ராஜா ஒருவர் வெள்ளைக்காரப் படையைத் தோற்கடித்தார்' என்ற செய்தி காதில் தேன் வார்த்தது போல் இருந்திருக்கும் அல்லவா? அதற்கு வெகு காலம் முன்னால், 1808-ம் வருஷத்திலேயே, நியூயார்க்கில் அவர்கள் தங்களுக்கென்று கண்ட ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு 'அபிசீனிய' என்ற பெயரைத்தான் சூட்டியிருந்தார்கள். பைபிளில் வரும் தேசத்தின் பெயர், மானமுள்ள பெயர்.

மீட்டா வாரிக் ஃபுல்லர் என்ற கறுப்பின மாது ஒரு பெரிய சிற்பி. 1921-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பொருட்காட்சிக்காக அந்த அம்மாள் 'எத்தியோப்பியா விழித்தெழுகிறாள்' என்ற சிலையைச் செய்தாள். இடுப்புக்குக் கீழே பழைய எகிப்தில் பிரேதங்களுக்குச் சுற்றுவது போன்ற துணிச் சுற்று. இடுப்புக்கு மேலே உயிருள்ள பெண். நூற்றாண்டுகள் தூங்கியவள் சுற்றியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். பதினோரு வருஷம் கழித்து, 1932-ல், லோயிஸ் மைலூ ஜோன்ஸ் என்ற இன்னொரு மாது 'எத்தியோப்பியாவின் ஏற்றம்' என்று ஒரு வர்ணச் சித்திரம் எழுதினாள். அதில் பழைய ஆப்பிரிக்கத் தலையணி அணிந்த முகம் ஒன்று முன்னால் நிற்க, படிப்படியாக ஏறிச் செல்லும் மக்கள் கடைசியில் அமெரிக்க நகரத்தின் வானளாவிய மாளிகைகளையும், சங்கீதம், நாடகம், சித்திரம் ஆகிய கலைகளையும் போய்ச் சேருகிறார்கள்.

இந்த இரண்டிலும் 'எத்தியோப்பியா' என்பது ஒரு தேசத்தின் பெயரல்ல. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்ட தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையே அறியாத ஒரு ஜன சமூகம், ஆப்பிரிக்கா முழுவதற்குமாக வைத்துக்கொண்ட பெயர் அது. அந்த முன்னோரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள். எத்தியோப்பியாவோ கிழக்கே இருக்கிறது. பூகோள சாஸ்திரம் ஒத்துக்கொள்ளவில்லைதான். அதனால் என்ன? ஜோன்ஸ் அம்மாள் உண்மையான எத்தியோப்பியாவைக் கண்ணால் பார்த்தது 1970-ல், ஆப்பிரிக்காவில் பதினோரு தேசங்களைச் சுற்றி வந்தபோதுதான். சித்திரம் எழுதிய பிறகு முப்பத்தெட்டு வருஷம்!

அந்த அம்மாள் 1930 முதல் 1977 வரை சித்திரம் கற்பித்தது வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு சர்வகலாசாலையில். விடுதலை பெற்ற கறுப்பு மக்களின் கல்விக்காக 1867-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. இந்தப் பெயரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். நம் கதையில் மனதால் கண்ட எத்தியோப்பியாவும், மனித உருவில் வந்த எத்தியோப்பியாவும் சந்தித்த இடம் அதுவேயாகும். முதலில் வந்தவர்களில் மலாகு பாயென் என்ற வாலிபர் அங்கே வைத்தியம் படித்துத் தேர்ந்து, இத்தாலியப் படையெடுப்பின்போது தம் தேசத்துக்காக அமெரிக்கக் கறுப்பு மக்களிடையே பாடுபட்டு, 1937-ல் நியூயார்க்கில் எத்தியோப்பிய உலக சம்மேளனத்தை ஸ்தாபித்தார்.

சித்திரத்துறைக்கு வந்தவர் ஸ்குந்தர் பொகோஸியன். இவர் 1937-ல் அடிஸ் அபாபாவில் பிறந்தார். தகப்பனார் வழியில் ஆர்மீனியர் சம்பந்தம் உண்டு. சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அந்தத் தகப்பனார், இத்தாலியரை எதிர்த்ததற்காக மகனின் குழந்தைப் பருவத்தில் சில வருஷம் இத்தாலியில் சிறையிருந்தார். 1955-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குப் போன பையன், பிறகு பாரிஸுக்குப் போய் ஒன்பது வருஷம் தங்கினான். கலாசாலையில் கற்றதைக் காட்டிலும், பாரிஸில் கூடியிருந்த ஆப்பிரிக்க, மேற்கிந்தியக் கவிகளிடமும் சித்திரக்காரர்களிடமும் கற்றது அதிகம் என்று தோன்றுகிறது. 1960-களிலேயே பாரிஸ் தேசியக் கலைக்கூடமும் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடமும் அவருடைய படங்களை விலைக்கு வாங்கின. 

அப்படி என்ன எழுதினார்? எத்தியோப்பியாவில் நோயாளிகளுக்காக மந்திரச் சுருள்கள் தயாரிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, நோயாளியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குச் சேர்த்துத் தைத்து, அதில் ஜெபங்களையும் தேவதூதர்களையும் அகல விழித்த கண்களையும் எழுதிக் கொடுப்பார்கள். தாயத்து என்றால் நமக்குப் புரியும். ஆனால் ஆளுயரத் தாயத்து! ஸ்குந்தர் அந்தக் கண்களையும், சிலுவைகளையும், பறவைகளையும் எடுத்து, பாரிஸில் கற்ற புது முறையில், இருளில் ஜொலிக்கும் வர்ணங்களில் எழுதினார். அவர் படத்தை நாம் பார்க்கிறோமா, படம் நம்மைப் பார்க்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். 1966-ல் ஊர் திரும்பி, மூன்று வருஷம் அடிஸ் அபாபாவின் கலைப்பள்ளியில் கற்பித்தார். பிறகு அமெரிக்காவுக்கு வந்து, 1970-களின் ஆரம்பம் முதல் 2001 வரையில் ஹோவர்டில் ஆசிரியராக இருந்தார். ஜோன்ஸ் அம்மாளும் அவரும் சில வருஷம் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தார்கள் என்று நினைக்கையில் நமக்கு விசேஷமான திருப்தி உண்டாகிறது.

அவரிடம் கற்றவர்களில் வோஸெனே வொர்கே கோஸ்ரோஃப் என்பவர் பிரசித்தி பெற்றவர். 1980-ல் ஹோவர்டில் பட்டம் பெற்றுப் பிற்பாடு கலிபோர்னியாவில் குடியேறினார். மனிதர், மரம், மலை எதுவும் இவருக்கு வேண்டியதில்லை, எழுத்துக்களே போதும். அம்ஹாரிக் பாஷையின் எழுத்து முறையைத் தமிழர் சுலபமாகப் புரிந்து கொள்ளலாம். நம்முடைய க, கா, கி, கீ மாதிரியே அங்கும் ஒவ்வொரு மெய்யும் உயிரைச் சேர்ந்து ஏழு உருவம் எடுக்கும். உயிர் மாறினால் காலில் ஒரு வளைவு, தோளில் ஒரு கொக்கி. வோஸெனே இந்த எழுத்துக்களை நீட்டியும், நெளித்தும், தலைகீழாக நிறுத்தியும் நாட்டியமாட விடுகிறார். வார்த்தையாக வாசிக்கப் போனால் அகப்படாது. அயல்நாட்டில் பிள்ளைகள் தாய்மொழியைப் பேசியும் எழுத்தை மறந்துவரும் குடும்பங்கள் உண்டே, அவர்கள் இந்தப் படங்களின் முன் நிற்கும்போது என்ன எண்ணுவார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

வாஷிங்டனில் உள்ள எத்தியோப்பிய ஸ்தானிகர் காரியாலயத்தில் ஸ்குந்தரின் கடைசிக் காலத்துப் பெரிய வேலை ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'சந்திப்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அலுமினியத் தகட்டில் செய்த புடைப்புச் சித்திரம், சுமார் ஐம்பது அடி நீளம், 2001-ல் முடிந்தது. அதில் அவருடன் சேர்ந்து உழைத்தவர் கெபெடெச் தெக்லேஆப் என்ற மாது. இந்த அம்மாள் சித்திரக்காரி மட்டுமல்ல, கவியுமாவாள். 1979-ல் தாய்நாட்டின் கொடுங்கோன்மைக்குத் தப்பி ஓடும்போது ஸோமாலியப் படையினரிடம் அகப்பட்டு, ஏறக்குறையப் பத்து வருஷம் கைதிகள் முகாமில் கழித்து, விடுதலையாகி அமெரிக்காவுக்கு வந்து, ஹோவர்டில் மாணவியாகச் சேர்ந்தாள். ஸ்குந்தர் 2003-ம் வருஷம் மே மாதம் காலமானார். அதே வருஷத்தில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் ஆப்பிரிக்கக் கலைக்கூடம், புலம்பெயர்ந்த எத்தியோப்பியரின் கலைக்கென்று அவருடைய படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. அந்த மரியாதை கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நன்றாயிருக்கும். கலைக்கூடங்களின் கடிகாரம் எப்போதும் சற்று மெதுவாகத்தான் ஓடுகிறது.

தாய்நாட்டின் கொடுங்கோன்மை என்று மேலே சொன்னோம். 1974-ல் ராணுவத்தார் சக்கரவர்த்தியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். ராஜா போனார், சுபிட்சம் வரவில்லை. 1977, 1978-ம் வருஷங்களில் நகரங்களில் 'செம்பயங்கரம்' தாண்டவமாடியது. படித்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அமெரிக்காவில் படிக்க வந்திருந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே நின்றார்கள். 1980-ல் அமெரிக்கா அகதிகள் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு மற்றும் பலர் வந்து சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே எத்தியோப்பியர் மிகுதியாக வாழும் நகரங்களில் ஒன்றாக வாஷிங்டன் ஆனது இவ்விதந்தான். நகரசபையின் அறிவிப்புகளை இன்று அம்ஹாரிக் பாஷையிலும் வெளியிடுகிறார்கள். 2004-ல் அதற்கென்று சட்டமே செய்திருக்கிறார்கள்.

அப்படி நின்றுவிட்டவர்களில் ஒருவர் ஹைலு மெர்ஜியா. அடிஸ் அபாபாவின் பெரிய ஹோட்டல் ஒன்றில் 'வாலியாஸ்' என்ற வாத்தியக் கோஷ்டி வாசித்து வந்தது. அதில் இவர் ஆர்கன் வாத்தியம் வாசித்தவர். ராணுவ ஆட்சியில் இரவு ஊரடங்குச் சட்டம் இருந்தது. நள்ளிரவுக்குப் பின் தெருவில் காலெடுத்து வைத்தால் ஆபத்து. ஆகையால் கச்சேரிக்கு வந்தவர்கள் விடியும் வரை ஹோட்டலுக்குள்ளேயே இருப்பார்கள். வித்வான்களும் விடிய விடிய வாசிப்பார்கள். சங்கீதத்துக்குச் சர்க்கார் செய்த உபகாரம் என்றுகூட இதை வைத்துக் கொள்ளலாம்! 1981-ல் இந்தக் கோஷ்டி அமெரிக்காவில் சுற்றுப் பிரயாணம் செய்தது. முடிவில் சிலர் ஊர் திரும்பினார்கள். மெர்ஜியாவும் வேறு சிலரும் வாஷிங்டனில் தங்கி விட்டார்கள்.

1985-ல் மெர்ஜியா தன்னந்தனியாக ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, தாம் இளமையில் கற்ற அக்கார்டியன் வாத்தியத்தையும், மின்சார வாத்தியங்களையும், தாளம் போடும் யந்திரம் ஒன்றையும் துணையாகக் கொண்டு, பழைய நாட்டுப் பாடல்களை வாசித்து ஒரு நாடா வெளியிட்டார். நம் கிராமங்களில் கேட்கும் ஆர்மோனியத்துக்கு அக்கார்டியன் உறவுக்கார வாத்தியந்தான். எத்தியோப்பிய ராகங்களோ பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குபவை. மோகனமும் சுத்த சாவேரியும் பழகிய காதுக்கு அந்நியமாகத் தோன்ற மாட்டா. அந்த நாடா எத்தியோப்பியாவில் கேட்கப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. மெர்ஜியா வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டலானார்.

வருஷக்கணக்கில் ஓட்டினார். வண்டியின் பின்பெட்டியில் பாட்டரியில் இயங்கும் சிறிய கீபோர்டு ஒன்று எப்போதும் இருக்கும். பிரயாணிகளுக்காக வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், அதை எடுத்துக்கொண்டு பின் ஆசனத்தில் உட்கார்ந்து சாதகம் செய்வார். முன் வண்டி நகர்ந்தால் வாத்தியத்தை உள்ளே வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியது. கேட்பார் ஒருவரும் இல்லை. கேட்பார் வருவார் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. இருந்தும் சாதகம் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள், ஆப்பிரிக்க ஒலிநாடாக்களைத் தேடித் திரட்டும் ஓர் அமெரிக்கர், எத்தியோப்பியாவில் பாஹிர் தார் என்ற ஊர்க் கடையில் அந்தப் பழைய நாடாவைக் கண்டெடுத்தார். விலாசம் விசாரித்து மெர்ஜியாவைப் பிடித்தார். 2013-ல் நாடா மறுபடி வெளியாயிற்று; அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மேடைகள் காத்திருந்தன. 2018-ல் புதிதாக ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். கைவிரல்கள் துருப் பிடிக்காமலிருந்ததற்குக் காரணம் டாக்ஸியின் பின் ஆசனம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல் சொல்லப்போகிறவர் வேறு தினுசு மனிதர். அதிர்ஷ்டம் வரட்டும் என்று காத்திருக்கும் சுபாவம் அவரிடம் கிடையாது. கோண்டர் நகரில் 1946-ல் பிறந்த ஹைலே கெரிமா, நாடகம் படிக்கச் சிகாகோவுக்கு வந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமாக் கலை கற்று, 1975 முதல் ஹோவர்டில் ஆசிரியராக அமர்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடன் படித்த கறுப்பின மாணவர்கள், ஹாலிவுட் தங்களைக் கோமாளிகளாகவும் திருடர்களாகவும் காட்டுவது போதும் என்று கிளர்ச்சி செய்து, தாங்களே படமெடுக்கத் தொடங்கியவர்கள். கெரிமா பல வருஷம் பணம் திரட்டி 1993-ல் 'ஸன்கோபா' என்ற படத்தை வெளியிட்டார். 'திரும்பிச் சென்று எடுத்து வா' என்று பொருள்படும் இந்தச் சொல், கானா தேசத்து அகான் மக்களின் பாஷையைச் சேர்ந்தது. அடிமைகளைக் கப்பலேற்றிய ஆப்பிரிக்கக் கடற்கரைக் கோட்டை ஒன்றில், நாகரிக உடையணிந்து போட்டோவுக்கு நிற்கும் ஒரு கறுப்பு அமெரிக்கப் பெண், திடீரென்று பழைய காலத்துக்கு இழுக்கப்பட்டு, கரும்புத் தோட்டத்தில் அடிமையாக வாழ்ந்து, அடிமைகளின் எதிர்ப்பில் பங்கு கொள்கிறாள். இதுதான் கதை.

பெர்லின் பட விழாவில் காட்டினார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒரு வினியோகஸ்தராவது படத்தைத் தொடவில்லை. அடிமை வாழ்வைப் பற்றிய படத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கட்சி. கெரிமாவும், டிட்ராய்ட்டில் பிறந்தவரும் தாமே படமெடுப்பவருமான அவர் மனைவி ஷிரிகியானா ஐனாவும் என்ன செய்தார்கள் தெரியுமா? வாஷிங்டனில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். மாதா கோயில்களிலும், சங்கங்களிலும், பள்ளிக்கூடங்களிலும் சொல்லி ஜனங்களை அழைத்தார்கள். வாரக்கணக்கில் படம் ஓடியது. பிறகு ஊர் ஊராக இதே முறை: அந்தந்த ஊர் அன்பர்கள் தியேட்டர் பிடிப்பார்கள், டிக்கட் விற்பார்கள், வரிசை தெருக்கோடி வரை நிற்கும். 2021-ல் இந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு நெட்ஃபிளிக்ஸ் மூலம் உலகமெங்கும் காட்டப்பட்டது. இருபத்தெட்டு வருஷம் கழித்து வினியோகம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

படத்தின் வருமானத்தைக் கொண்டு தம்பதிகள் காரியம் ஒன்று செய்தார்கள். அதை நாம் படத்துக்குச் சமமாகவே மதிக்கிறோம். 1998-ல் ஒரு புத்தகக் கடை திறந்தார்கள். அதற்கும் 'ஸன்கோபா' என்றே பெயர். ஜியார்ஜியா அவென்யூவில், ஹோவர்டு சர்வகலாசாலைக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பற்றியும் கறுப்பு மக்களைப் பற்றியும் புத்தகங்கள், படங்கள். உட்கார்ந்து காப்பி சாப்பிட இடம். மாலையில் ஆசிரியர்கள் வந்து பேசுவதற்கும், படம் போட்டு விவாதிப்பதற்கும் வசதி. எத்தியோப்பியர் ஒருவரும் கறுப்பு அமெரிக்க மாது ஒருத்தியும் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்கச் சொல்லொன்றைப் பெயராக வைத்து நடத்தும் கடை! ஃபுல்லரும் ஜோன்ஸும் எந்த எத்தியோப்பியாவைக் கற்பனை செய்தார்களோ, அதற்கு வாசற்படியும் விலாசமும் உண்டானது இங்கேதான் என்பது நம் அபிப்பிராயம்.

எல்லா இடத்திலும் இவ்வளவு ஒற்றுமை நிலவியது என்று சொல்லிவிட முடியாது. இதே ஹோவர்டுக்குப் பக்கத்தில் 'யூ' தெரு என்று ஒன்று இருக்கிறது. ட்யூக் எல்லிங்டன் என்ற ஜாஸ் மேதை வளர்ந்த பேட்டை அது. வெள்ளையர் அரங்குகளில் கறுப்பு மக்களுக்கு இடமில்லாத காலத்தில் அவர்களுக்கென்று நாடக சாலைகளும் சங்கீத சாலைகளும் நிறைந்திருந்த தெரு. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது மூண்ட கலவரத்தில் கடைகள் எரிந்தன. பிறகு பல வருஷம் அந்தத் தெரு பாழடைந்து கிடந்தது. வாடகை மலிவு என்று எத்தியோப்பியர் அங்கு வந்து ஹோட்டல்கள் திறந்தார்கள். இஞ்செரா என்ற புளித்த மாவுப் பண்டத்தை, அகலத்தில் நம் தோசையையும் மிருதுத் தன்மையில் ஆப்பத்தையும் போலிருப்பதை, பெரிய தட்டில் விரித்து, அதன் மேலேயே குழம்பு வகைகளைப் பரிமாறி, குடும்பம் முழுவதும் ஒரே தட்டில் கையால் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். இரவில் அங்கே பாட்டும் தோள்களைக் குலுக்கி ஆடும் ஆட்டமும் நடக்கும். தெருவுக்கு மறுபடி உயிர் வந்தது.

2005-ல் எத்தியோப்பிய வியாபாரிகள், யூ தெருவை ஒட்டிய ஒன்பதாவது தெருவின் ஒரு பகுதிக்கு 'சின்ன எத்தியோப்பியா' என்று பெயரிட வேண்டும் என்று கேட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவுக்கு 2002-ல் அப்படிப் பெயர் வைத்தாகி விட்டது; நமக்கு ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம். பழைய கறுப்பின வாசிகள் பலர் கொதித்தெழுந்தார்கள். 'எங்கள் பாட்டனார் காலத்துத் தெரு. எங்கள் எல்லிங்டன் நடந்த தெரு. அவமதிப்பையும் கலவரத்தையும் நாங்கள் தாங்கினோம். பெயர்ப்பலகை மட்டும் நேற்று வந்தவர்களுக்கா?' என்று கேட்டார்கள். அந்தச் சமயம் வியாபாரிகளின் கோரிக்கை கைகூடவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? பாழடைந்த கடைகளை உயிர்ப்பித்தவர்கள் தங்கள் பெயரைக் காண ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் அமெரிக்காவின் தலைநகரில் கறுப்பு மக்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்த தெருக்கள் எத்தனை? அதில் ஒன்றின் பெயரை விட்டுக்கொடுக்கச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். எத்தியோப்பியா என்ற பெயரை நூறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தவர்களே, அது பலகையில் ஏறுவதை எதிர்க்க நேர்ந்தது விதியின் விளையாட்டு. நம்மைக் கேட்டால் பழைய வாசிகளின் பக்கமே தராசு சற்றுத் தாழ்கிறது என்போம். இதற்கிடையில் வழக்கின் உண்மையான ஜயம் மூன்றாவது கட்சிக்குப் போய்விட்டது. தெரு செழித்ததும் வாடகை ஏறியது. பழைய கறுப்புக் குடும்பங்களும் வெளியேறின. எத்தியோப்பியக் கடைகளில் பலவும் நகர எல்லைக்கு அப்பால் ஸில்வர் ஸ்பிரிங், அலெக்ஸாந்திரியா முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தன. ஸன்கோபா புத்தகக் கடையையும் இந்த வெள்ளம் தொட்டது. அக்கம்பக்கத்து நிலத்தின் விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறி, 2019-ல் கடை நடக்குமா என்ற நிலை வந்தது. வாசகர்களும் மாணவர்களும் திரண்டு மனுக்கொடுத்தார்கள். நகரசபை வரிச் சலுகை அளித்தது.

மற்ற நகரங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. அடிஸ் அபாபாவில் 1970-ல் பிறந்து, ஏழாவது வயதில் பெற்றோருடன் மிஷிகன் மாகாணத்துக்கு வந்த ஜூலி மெஹ்ரேது இன்று உலகப் பிரசித்தி பெற்ற சித்திரக்காரி. நகர வரைபடங்களின் மேல் ஆயிரமாயிரம் கோடுகள் புயல் போல் சுழலும் அவருடைய பெரிய படங்களின் கண்காட்சி 2019 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ், அட்லாண்டா, நியூயார்க், மினியாபொலிஸ் ஆகிய நகரங்களில் நடந்தது. 2023-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு படம் ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று. விலையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய அளவு படத்தைப் பற்றி எழுதவில்லை. அதைக் காட்டிலும் நம் மனதுக்குப் பிடித்தது ஐடா முலுனே 2022-ல் செய்த காரியம். ஹோவர்டில் படித்த இந்தப் புகைப்பட நிபுணி, முகத்தில் வர்ணம் தீட்டிய பெண்களைச் சிவப்பும் நீலமுமாக எடுத்த படங்கள், நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் பஸ் நிற்குமிடங்களில் வைக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் அபிட்ஜான் நகரத்தையும் சேர்த்து 300-க்கு மேற்பட்ட இடங்கள். டிக்கட் இல்லாத கண்காட்சி; பஸ் தாமதமானால் இன்னும் சிலாக்கியம்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதத்தில் ஏதேனும் ஓர் அமெரிக்க நகரத்தில் எத்தியோப்பியர்களின் கால்பந்துத் திருவிழா கூடுகிறது. 1984-ல் தொடங்கியது. பகலில் பந்து, மாலையில் பாட்டு. மைதானத்தைச் சுற்றிக் காப்பி வறுக்கும் வாசனை. பத்து வருஷம் பிரிந்திருந்த சிநேகிதர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது பந்தயத்தைவிட முக்கியமான நிகழ்ச்சி.

கடைசியாக ஒரு கண்காட்சி. 2023-ம் வருஷம் டிஸம்பரில் பால்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் ஆரம்பமாகி, 2024-ல் ஸேலம், டொலிடோ நகரங்களுக்கும் சென்றது. எத்தியோப்பியாவின் 1,700 வருஷத்துக்கு மேற்பட்ட கலைச் செல்வத்தில் 200-க்கு மேற்பட்ட பொருள்களை அங்கே வைத்தார்கள்: பழைய நாணயங்கள், ஆட்டுத்தோல் சுவடிகள், ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் பித்தளைச் சிலுவைகள், ஸ்குந்தர் மனம் பறிகொடுத்த அந்த ஆளுயர மந்திரச் சுருள்கள். அவற்றோடு இன்றைய கலைஞர்களின் படைப்புகளையும் தேர்ந்து வைக்கும் பொறுப்பை த்ஸெதாயே மகோனென் என்ற மாதிடம் ஒப்படைத்தார்கள். எத்தியோப்பியப் பெற்றோருக்கு வாஷிங்டனில் பிறந்து வளர்ந்தவர். எத்தியோப்பியச் சிலுவைகளின் பின்னல் வடிவங்களைக் கண்ணாடி போன்ற பெட்டிகளில் துளையிட்டு, உள்ளே விளக்கேற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரங்கள் செய்வது இவருடைய வேலை. அமெரிக்கத் தெருக்களில் அநியாயமாகக் கொல்லப்பட்ட கறுப்புப் பெண்கள், ஆப்பிரிக்காவை விட்டுப் படகேறிக் கடலில் மாண்ட பெண்கள் ஆகியோரின் பெயர்களை அந்தப் பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். விளக்கு எரியும்போது சிலுவைகளின் நிழல் சுவரெங்கும், பார்க்க வந்தவர்கள் மேலும் விழுகிறது.